திறந்த மூல மென்பொருள்: நடத்தை விதியை எழுதியாச்சு... மீறினால் யார் கேட்பது?

2024ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி. மைக்ரோசாஃப்ட் நிறுவனப் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தார். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாகப் பிடித்தது.

அரை விநாடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. தோண்டிப் பார்த்தார்.

'எக்ஸ்இஸட்' என்னும் மென்பொருளுக்குள் யாரோ வேண்டுமென்றே ஒரு கள்ளக் கதவை வைத்திருந்தது தெரியவந்தது. கோப்புகளைச் சுருக்கித் தரும் சாதாரண மென்பொருள்தான் அது. ஆனால் உலகெங்கும் எண்ணற்ற லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. கள்ளக் கதவு கொண்ட பதிப்பு பரவலாகப் போய்ச் சேர்வதற்குள் தடுத்துவிட்டார்கள்.

கதவை வைத்தவர் 'ஜியா டான்' என்ற பெயரில் ஈராண்டுக்குமேல் பொறுமையாக உதவிசெய்து நம்பிக்கையைச் சம்பாதித்தவர். அவருக்கு அந்த இடம் எப்படிக் கிடைத்தது?

அந்த மென்பொருளை ஒரே ஒருவர்தான், சம்பளம் ஏதுமின்றி, ஓய்வுநேரத்தில் பராமரித்துவந்தார். 2022இல் முன்பின் தெரியாத சில பெயர்களிலிருந்து அவருக்கு நச்சரிப்பு தொடங்கியது. ஏன் இவ்வளவு தாமதம், உங்களுக்கு அக்கறையே இல்லை, வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள் என்று மாறி மாறி எழுதினார்கள். சளைத்துப்போனவர், உதவ முன்வந்த 'ஜியா டான்' பொறுப்பில் சேர இடம் கொடுத்தார். நச்சரித்த அந்தப் பெயர்களே போலி என்று பாதுகாப்பு வல்லுநர்கள் பலர் கருதுகின்றனர்.

நடத்தை விதி ஒன்று இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று சொல்லமுடியாது. ஆனால் தனியாக நின்று திட்டு வாங்கும் ஒருவரை அசைப்பது எவ்வளவு சுலபம் என்பதை அது காட்டிவிட்டது. "நாலு கடுமையான வார்த்தைக்கெல்லாம் விதி எதற்கு?" என்று கேட்பவர்கள் இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சம்பளம் இல்லை, மேலதிகாரி இல்லை

திறந்த மூல மென்பொருள் என்றால், அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். உலகின் பல மூலைகளிலிருந்து ஒருவரையொருவர் நேரில் பார்த்திராதவர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். சிலருக்கு அவர்களது நிறுவனம் சம்பளம் கொடுக்கிறது. பலர் தொண்டூழியர்கள்.

நீங்கள் அனுப்பும் திருத்தத்தை முதலில் ஒரு பராமரிப்பாளர் பார்ப்பார். நன்றாக இருந்தால் சேர்ப்பார். இல்லையென்றால் எல்லாரும் பார்க்கும்படி, இது சரியில்லை என்று எழுதுவார். அப்படி எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் தரம் போய்விடும். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. "இந்த நிரல் மோசம்" என்பதற்கும் "இதை எழுதிய நீ ஒரு மடையன்" என்பதற்கும் நடுவில் இருக்கும் கோட்டைச் சிலர் அடிக்கடி தாண்டுகிறார்கள்.

அலுவலகமாக இருந்தால் மனிதவளத் துறைக்குப் போகலாம். இங்கே அப்படி ஒரு துறை கிடையாது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் வேலைசெய்ய வந்த ஓர் இளையரை நாலு பேர் முன்னால் யாராவது கத்திவிட்டால் அவர் புகார் எழுதிக்கொண்டிருக்கமாட்டார். அடுத்த வருஷம் வரமாட்டார், அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது.

மென்பொருள் உலகிலும் அதே கதைதான். கிட்ஹப் தளம் 2017இல் 5,500 பேரிடம் நடத்திய கருத்தாய்வில், தாங்களே மோசமான நடத்தைக்கு ஆளானதாக 18 விழுக்காட்டினர் கூறினர். மற்றவர்களுக்கு நடந்ததைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் 50 விழுக்காடு. அப்படி அனுபவித்தவர்களிலும் பார்த்தவர்களிலும் 21 விழுக்காட்டினர் அந்தத் திட்டத்தில் பங்களிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

பார்த்தவர்களும் போய்விட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டு பேருக்கு நடுவே நடக்கும் சண்டை, அதில் மூன்றாமவருக்கு என்ன வேலை என்ற வாதம் இங்கே எடுபடாது.

லினக்ஸ்: 27 ஆண்டு கழித்து ஒரு மன்னிப்பு

இந்த விஷயத்தில் ஆகப் பெரிய கதை லினக்ஸுடையது.

ஃபின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் மாணவராக இருந்தபோது தொடங்கியது லினக்ஸ் கெர்னல். வன்பொருளுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் நடுவே நின்று எல்லாவற்றையும் ஓட்டும் அடித்தளம் அது. உங்கள் ஆண்ட்ராய்ட் கைத்தொலைபேசியில் இருக்கிறது. உலகின் ஆக வேகமான 500 கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து அத்தனையிலும் இருப்பது லினக்ஸ்தான்.

டோர்வால்ட்ஸ் திட்டுவதற்கும் பேர்போனவர். 2012 டிசம்பரில் நடந்தது ஓர் எடுத்துக்காட்டு. கெர்னலில் செய்த ஒரு மாற்றத்தால், பயனீட்டாளர்களிடம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த செயலிகள் கெட்டுப்போயின. மூத்த பராமரிப்பாளர் ஒருவர், தவறு செயலிகள்மீதுதான் என்று வாதாடினார். டோர்வால்ட்ஸ் வெடித்தார். வாயை மூடச் சொல்லி, வெளியில் எழுதமுடியாத வார்த்தையோடு, கொட்டை எழுத்துகளில் பதில் போட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்ன விஷயம் முழுக்கச் சரி. கெர்னலில் மாற்றம் செய்து பயனீட்டாளரின் செயலியைக் கெடுக்கக்கூடாது என்பது லினக்ஸின் அடிப்படைக் கொள்கை. லினக்ஸ்மீது உலகம் வைத்திருக்கும் நம்பிக்கைக்கே அதுதான் காரணம். அதனால் பலர், "அவர் திட்டுவதால்தான் தரம் நிற்கிறது" என்று அவருக்காகப் பேசினார்கள்.

அந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதே மறுப்பை வசையில்லாமல் எழுதியிருந்தாலும் அந்தத் திருத்தம் நிராகரிக்கப்பட்டிருக்கும். வசையால் தரம் ஒரு துளி கூடவில்லை. முதல் திருத்தத்தை அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த எத்தனை பேர் அன்று அந்த மடலைப் படித்துவிட்டு நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்கினார்களோ, கணக்கு எடுக்க வழியே இல்லை.

2013இல் இண்டெல் நிறுவனத்தில் அப்போது வேலைபார்த்த உருவாக்குநர் ஒருவர் இதைப் பகிரங்கமாக எதிர்த்தார். 2015இல் கெர்னல் பணியிலிருந்தே விலகிவிட்டதாக அறிவித்தார். அதே ஆண்டு மார்ச்சில் லினக்ஸ் ஒரு சிறு ஆவணத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தது. நடத்தை விதி என்றுகூட அதற்குப் பெயர் வைக்கவில்லை. 'மோதல் விதி' என்று வைத்தார்கள். உங்கள் நிரல் கடுமையாக விமர்சிக்கப்படும், தனிப்பட்ட முறையில் தாக்கப்பட்டதாக நினைத்தால் தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்திடம் சொல்லுங்கள் என்பதே அதன் சாரம். எது தவறு, மீறினால் என்ன ஆகும் என்ற விவரம் கிடையாது. ஏட்டுச் சுரைக்காய்தான்.

2018 செப்டம்பர் 16ஆம் தேதி யாரும் எதிர்பாராதது நடந்தது. புதிய சோதனைப் பதிப்பை அறிவிக்கும் வழக்கமான மடலில், இத்தனை ஆண்டு தாம் நடந்துகொண்ட விதத்துக்காக டோர்வால்ட்ஸ் மன்னிப்புக் கேட்டார். மற்றவர்களின் உணர்வுகளைப் புரிந்துகொள்ள உதவி பெறப்போவதாகச் சொல்லி, சிறிது காலம் ஒதுங்கினார். பொறுப்பை கிரெக் குரோவா-ஹார்ட்மன் ஏற்றார். 'மோதல் விதி' நீக்கப்பட்டு, முறையான நடத்தை விதி வந்தது.

எல்லாரும் கைதட்டவில்லை. டெபியன் என்ற இன்னொரு திட்டம் 2014இல் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி நடத்தை விதியை ஏற்றுக்கொண்டது. லினக்ஸில் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை திடுதிப்பென்று வந்து இறங்கியது. விதியை அமல்படுத்தாத பராமரிப்பாளர்மீதே நடவடிக்கை வரலாம் என்ற வரி வேறு அதில் இருந்தது. "நிரலையும் பார்த்து, இனி போலீஸ் வேலையும் பார்க்கணுமா?" என்று பலர் அரண்டுபோனார்கள். எழுதிக்கொடுத்த நிரலைத் திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்றுகூடச் சிலர் மிரட்டிப் பார்த்தார்கள். லினக்ஸின் உரிமம் அதற்கு இடம் தரவில்லை.

அடுத்த மாதமே விதிக்கு விளக்கவுரை ஒன்றைச் சேர்த்தார்கள். பராமரிப்பாளர்கள் போலீஸ் அல்லர், முடிந்த அளவு நல்ல முன்மாதிரியாக இருந்தால் போதும். தீர்க்கமுடியாத புகார்களை அதற்கென்று உள்ள குழு பார்த்துக்கொள்ளும் என்று அது தெளிவுபடுத்தியது. சமரசம் பேச வழக்கறிஞர் மிஷி சௌத்ரியும் நியமிக்கப்பட்டார். டோர்வால்ட்ஸ் அக்டோபரில் திரும்பிவிட்டார். கெட்ட வார்த்தை இருந்தால் மடலே வெளியே போகாதபடி ஒரு வடிகட்டி வைத்திருப்பதாக பிபிசியிடம் சொன்னார்.

ஆள் அடியோடு மாறிவிட்டாரா என்றால், இல்லை. அதற்குப் பிறகும் சில திருத்தங்களைக் 'குப்பை' என்று எழுதியதுண்டு. ஆனால் குப்பை என்பது நிரலுக்குச் சொன்னது, எழுதியவருக்கு அல்ல. விதி கேட்பதும் ஏறக்குறைய அந்த அளவுதான்.

எடுத்து ஒட்டினால் போதுமா?

பெரும்பாலான திட்டங்கள் விதியைச் சொந்தமாக எழுதுவதில்லை. 2014இல் கோரலைன் ஏடா எம்கி எழுதிய 'பங்களிப்பாளர் உடன்படிக்கை' என்ற மாதிரி வாசகத்தை எடுத்துக்கொள்கின்றன. லினக்ஸ் ஏற்றதும் அதையே அடிப்படையாகக் கொண்டது. அதில் தவறில்லை. புதிதாக எழுதினால் வார்த்தைக்கு வார்த்தை சண்டை வரும்.

அந்த மாதிரியில் ஓர் இடத்தில், புகாரை எங்கே அனுப்புவது என்பதைத் திட்டமே நிரப்பிக்கொள்ள வேண்டும். அடைப்புக்குறிக்குள் 'தொடர்பு முறையை இங்கே எழுதவும்' என்று இருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு ஒட்டியிருக்கும் திட்டங்கள் ஏராளம். விதி இருக்கிறது, வாசகம் அழகாக இருக்கிறது, கதவில் அழைப்புமணி மட்டும் இல்லை.

எஸ்கியூலைட் கதை கொஞ்சம் சுவாரஸ்யமானது. ஏறக்குறைய எல்லாத் திறன்பேசிகளிலும் இருக்கும் தரவுத்தள மென்பொருள் அது. வாடிக்கையாளர்கள் எழுத்துபூர்வமான நடத்தை விதி வேண்டும் என்று கேட்டதால், அதை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித பெனடிக்டின் மடாலய விதிகளை எடுத்து வைத்தார். 2018 அக்டோபரில் அது வெளியே தெரிந்து பெரிய அமளியானது. பிறகு அதற்கு 'அறநெறி' என்று பெயர் மாற்றி ஒதுக்கிவைத்துவிட்டு, மொஸில்லாவின் வழிகாட்டிகளை விதியாக ஏற்றுக்கொண்டார். படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக விதி வைத்தால் இப்படித்தான் ஆகும்.

புகார் வந்தபின் என்ன நடக்கும்?

முறையாகச் செய்யும் திட்டங்களில், புகாரைப் பெற்றதாக முதலில் பதில் வரும். குழுவில் சம்பந்தப்பட்டவரோ அவருக்கு நெருக்கமானவரோ இருந்தால் ஒதுங்கிக்கொள்வார். மற்றவர்கள் பதிவுகளைப் படிப்பார்கள், இரு தரப்பையும் கேட்பார்கள். புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிடமாட்டார்கள். பங்களிப்பாளர் உடன்படிக்கையின் பிந்திய சில பதிப்புகள் நடவடிக்கையை நான்கு படியாகப் பிரிக்கின்றன: திருத்தச் சொல்வது, எச்சரிப்பது, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை. பெரும்பாலான புகார்கள் முதல் படியிலேயே, சத்தமில்லாமல் முடிந்துவிடுகின்றன.

சத்தம் வருவது மூன்றாம் படியில்.

2024 நவம்பரில் லினக்ஸ் கெர்னலில் அது நடந்தது. ஒரு கோப்பு முறையை உருவாக்கியவர், தொழில்நுட்ப விவாதமொன்றில் சக உருவாக்குநரிடம் மூளையைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லி, வசையோடு எழுதினார். பகிரங்கமாக மன்னிப்புக் கேட்குமாறு குழு சொன்னது. அவர் இணங்கவில்லை. கெர்னலின் 6.13 பதிப்பு தயாராகும் காலம் முழுதும் அவர் அனுப்புவதை ஏற்பதில்லை என்று வாரியம் முடிவெடுத்தது. ஒரு பதிப்புக்கு ஒன்பது, பத்து வாரம் பிடிக்கும்.

திட்டு வாங்கியவருக்கு நியாயம் கிடைத்தது. ஆனால் அந்தக் கோப்பு முறையைப் பயன்படுத்தியவர்கள்? அவரிடமிருந்து அவர்களுக்கு வரவேண்டிய திருத்தங்களும் அந்த வாரங்களில் நின்றுபோயின. திறமைசாலியைத் தண்டித்தால் பயனீட்டாளரும் சேர்ந்து அடிபடுகிறார். அதற்காக விட்டுவிட்டால், திறமை இருந்தால் யாரையும் திட்டலாம் என்று எழுதாத விதி ஒன்று உருவாகிவிடும். வாரியம் இரண்டாவதைத்தான் பெரிய ஆபத்தாகப் பார்த்தது. அந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. என்ன நடந்தது, எந்த மடல், என்ன கேட்டோம், எவ்வளவு காலம் என்று வெளிப்படையாகச் சொன்னதுதான் அதன் பலம்.

குறை சொல்லப்பட்ட குழு

பைத்தான் சமூகத்தில் அதே ஆண்டு ஆகஸ்ட்டில் எடுத்த முடிவு அந்த அளவு சுமுகமாகப் போகவில்லை.

மூத்த உருவாக்குநர் ஒருவரை மூன்று மாதம் விலக்கிவைப்பதாக வழிகாட்டு மன்றம் அறிவித்தது. பெயரைச் சொல்லவில்லை. அது தாம்தான் என்பதை டிம் பீட்டர்ஸ் பிறகு தாமே தெரிவித்தார். பைத்தான் உலகில் அவர் சாதாரண ஆள் அல்லர். 2002இல் அவர் எழுதிய 'டிம்சார்ட்' என்ற வரிசைப்படுத்தும் முறை ஜாவா மொழியிலும் பயன்படுகிறது.

அறிவிப்பில் பல குற்றச்சாட்டுகள் இருந்தன. ஒன்று, அமைப்பின் சட்டதிட்டத்தை மாற்றுவது பற்றிய விவாதத்தை அவர் நிரப்பியடித்தார் என்பது. 177 பதிவுகளில் 47 அவருடையவை. பாலியல் தொல்லை போன்ற விஷயங்களை இலேசாகப் பேசினார் என்பது இன்னொன்று. புண்படுத்தக்கூடிய சொற்களைப் பயன்படுத்தியதாகவும் சொல்லப்பட்டது.

அந்த விவாதமே எதைப் பற்றித் தெரியுமா? நடத்தை விதியை மீறிய உறுப்பினரை நீக்க நிர்வாகக் குழுவுக்குக் கூடுதல் அதிகாரம் தரலாமா என்பது. அதைக் கேள்வி கேட்டவர் விலக்கிவைக்கப்பட்டதும், "நிறையக் கேட்டால் குற்றமா?" என்று பலர் கொதித்தார்கள். குற்றச்சாட்டுகளைப் பட்டியலிட்ட அறிவிப்பு, எந்தப் பதிவில் என்ன சொன்னார் என்பதைப் பெரும்பாலும் காட்டவில்லை. பெயர் இல்லாவிட்டாலும் யாரென்று எல்லாரும் ஊகித்துவிட்டார்கள். அதனால் ஒருவரின் பெயர் கெட்டது, ஆதாரத்தைச் சரிபார்க்க வழியும் இல்லை என்ற நிலை.

மன்றத்தின் பக்கமும் நியாயம் உண்டு. புகார் கொடுத்தவர்களைக் காட்டிக்கொடுக்காமல் விவரம் சொல்வது கடினம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் சின்னதாகத் தெரிபவை சேர்ந்தால் பெரிதாகலாம். ஆனாலும் அதிகம் எழுதினார் என்பதையும் பாலியல் தொல்லையை இலேசாக்கினார் என்பதையும் ஒரே பட்டியலில் போட்டது, முடிவின் கனத்தையே குறைத்துவிட்டது.

விதியை அமல்படுத்துபவர்களையே விதி கட்டுப்படுத்தாவிட்டால்? ரஸ்ட் நிரல்மொழிச் சமூகம் ஆரம்ப காலத்திலிருந்தே நடத்தை விதி வைத்திருந்த இடம், அதில் பெருமையும் கொண்டது. 2021 நவம்பர் 22ஆம் தேதி அதன் கண்காணிப்புக் குழுவில் இருந்த அத்தனை பேரும் ஒரே நாளில் விலகினார்கள். தலைமைக் குழு தன்னைத் தவிர வேறு யாருக்கும் பதில் சொல்லவேண்டாத இடத்தில் தன்னை வைத்துக்கொண்டது, அவர்கள்மீது விதியை அமல்படுத்த எங்களால் முடியவில்லை என்று அறிவித்தார்கள். அந்தத் தலைமைக் குழு கலைக்கப்பட்டு, 2023இல் புதிய தலைமை மன்றம் வந்தது. ஏறக்குறைய ஒன்றரை வருஷம் ஆச்சு.

நீங்கள் சேர நினைத்தால்

பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிக்கும் பிள்ளைகளிடம், திறந்த மூலத் திட்டத்தில் பங்களித்தால் வேலைக்கு உதவும் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். முதல் திருத்தத்தை அனுப்புமுன் அந்தத் திட்டத்தின் நடத்தை விதிக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

புகார் முகவரி நிரப்பப்பட்டிருக்கிறதா? அந்த முகவரி ஒரே ஒருவருடையதா, குழுவுடையதா? ஒரே ஒருவர்தான் என்றால், அவரைப் பற்றியே புகார் வந்தால் யாரிடம் போவது? முன்பு வந்த புகார்கள் பற்றி ஏதாவது வெளியிட்டிருக்கிறார்களா? லினக்ஸ் கெர்னல் குழு, பெயர்களைச் சொல்லாமல், எத்தனை புகார் வந்தது, எப்படி முடிந்தது என்று அவ்வப்போது அறிக்கை வெளியிடுகிறது. பிறகு, பழைய விவாதங்களில் நாலைந்தைப் படியுங்கள். புதிதாக வந்தவர் தவறு செய்தபோது அவருக்கு எப்படிப் பதில் சொன்னார்கள் என்று பார்த்தால் விதியைவிட அது நிறையச் சொல்லும்.

ஏதாவது நடந்துவிட்டால், பதிவுகளை உடனே தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள், பிறகு அழிக்கப்படலாம். புகாரில் அவர் எப்படிப்பட்டவர் என்று எழுதவேண்டாம், என்ன சொன்னார் என்று எழுதுங்கள். பாதிக்கப்பட்டவர்தான் புகார் கொடுக்கவேண்டும் என்பதில்லை, பார்த்தவரும் கொடுக்கலாம்.

மிரட்டல், விடாமல் பின்தொடர்வது என்று போய்விட்டால் அது தொண்டூழியர் குழு தீர்க்கிற விஷயம் அல்ல. சிங்கப்பூரில் தொல்லையிலிருந்து பாதுகாக்க 2014இல் இயற்றிய தனிச் சட்டம் இணையத்தில் நடப்பதற்கும் பொருந்தும். அதன்கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்கலாம். சேமித்துவைத்த அதே பதிவுகள் அங்கேயும் தேவைப்படும்.